கைவினைக் கத்தியும் புகைப்படப் போட்டியும்

கையால் அடித்துச் செய்யப்பட்ட கத்திகளைப் பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர்கள் படமெடுத்து அனுப்ப, அவற்றுட் சிறந்ததற்குப் பரிசளிக்கும் போட்டி மேனாட்டுக் கத்திப் பிரியர்களிடையே இன்று வழக்கமாகிவிட்டது. இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. முதிர்ந்த மரப்பலகை ஒன்றின்மீதோ பாசி படர்ந்த கல்லின்மீதோ கத்தி கிடத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து மென்மையான ஒளி விழும். அலகின்மீது நீரலை போன்ற உருக்கின் வரிகள் துலங்கும். பின்னணி மங்கி மறையும். அக்கத்தி எதையேனும் வெட்டியதற்கான தடயம் படத்தில் இராது. வெட்டியிருந்தாற் கீறல் விழுந்திருக்கும். கீறல் விழுந்த கத்தி பரிசுபெறுதல் அரிது.

இது வசதி படைத்தோரின் விளையாட்டு என ஒதுக்கிவிடத் தக்கதன்று. இவ்விளையாட்டின் அழகியல் இலங்கைத் தமிழ்ச் சூழலுக்கும் அந்நியமானதன்று. புகைப்படக் கழகங்களின் கண்காட்சிச் சுவர்களை நோக்குவார்க்கு இவ்வுண்மை புலனாகும். அந்திச் சூரியனுக்கு எதிரே வலை வீசும் மீனவனின் கரிய உருவம், மூதாட்டி ஒருத்தியின் முகச்சுருக்கம், கொல்லுலையிலிருந்து தெறிக்கும் பொறி: இவையே மீண்டும் மீண்டும் தொங்குகின்றன. மீனவன் அன்று பிடித்த மீனுக்கு என்ன விலை பெற்றான், பொறி தெறித்த இரும்பு யாருடைய மண்வெட்டியாயிற்று என்பன படத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. உழைப்பின் கருவியும் உழைப்பவனின் உடலும் ஒளியையும் நிழலையும் ஏந்தும் பரப்புகளாக மட்டுமே அங்கு மதிக்கப்படுகின்றன. கத்திப் புகைப்படப் போட்டி இந்நோக்கின் முற்றிய வடிவம் என்பதாலேயே அது கண்டனத்திற்குரியதாகின்றது.

கத்தி என்பது வெட்டுவதற்கான கருவி. இச்சாதாரண உண்மையைப் புகைப்படம் எவ்வாறு தலைகீழாக்குகின்றது என்பதைத் தீட்டத் தெரிந்த எவரும் விளக்குவர். நன்கு தீட்டப்பட்ட கத்தியின் வாய் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பு அத்துணை மெல்லியதாதலின் ஒளியைத் திருப்பியனுப்ப அங்குப் பரப்பே இல்லை. மழுங்கிய வாயே ஒளியை வாங்கி வெள்ளைக் கோடாக மினுங்கும். கத்தியை விளக்கின் கீழ்ப் பிடித்து, எவ்விடத்தில் மினுக்கம் தெரிகின்றதோ அவ்விடத்தை மீண்டும் தீட்டுவது தொழிலறிந்தோர் வழக்கம். ஆக, கூர்மை என்பது படத்திற் பதியாத பண்பு. பதியுமெனிற் பதிவது மழுக்கமே. ஒளியைக் கொண்டு கத்தியை மதிப்பிடப் புகும் நடுவர் கத்தியின் தலையாய குணத்தைத் தவிர மற்றெல்லாவற்றையும் காண்கின்றார்.

கூர்மைக்கு அடுத்தது பதம். லொறியின் வில்லுத்தகட்டிலிருந்து இரு கத்திகள் அடிக்கப்பட்டனவெனக் கொள்க. ஒன்று உரிய சூட்டிற் தோய்ச்சல் பெற்றது; மற்றது பெறாதது. மெருகிட்டபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவது ஒரு பருவகாலம் உழைக்கும்; இரண்டாவது முதற் கிளையிலேயே வாய் மடியும். கொல்லன் இவ்வேறுபாட்டை நிறத்தாற் கண்டு செய்கின்றான். ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் இரும்பு கொள்ளும் செந்நிறத்தை அறிந்து நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தலும், பின்னர் மென்சூட்டில் அலகின்மீது ஓடும் வைக்கோல் மஞ்சளும் ஊதாவும் நீலமும் எவ்விடத்தில் நிற்கவேண்டுமென அறிந்து நிறுத்துதலும் அவனது கலையின் உயிர்நிலை. உலையிற் காய்ந்த இரும்பின் செந்நிறத்தைப் பகலொளியிற் சரிவரக் காணவியலாது. கொல்லுலை இருண்டிருப்பதற்கு ஏழைமை மட்டும் காரணமன்று. இருளும் அங்கு ஒரு கருவி. படப்பிடிப்பாளன் விளக்கைக் கொண்டுவந்து அக்கருவியைத்தான் முதலில் அகற்றுகின்றான். பின்னர் மெருகிட்ட அலகைப் படமெடுக்கின்றான். மெருகிடும்போது அந்நிறங்கள் யாவும் தேய்ந்து போயிருக்கும்.

கத்தி செய்வோரே இவ்வாறு மதிப்பிடுவதில்லை என்பது இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. 1976இல் நிறுவப்பட்ட அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கம் தன் உறுப்பினரைத் தரப்படுத்த ஒரு செயற்சோதனை வைத்துள்ளது. தொங்கவிடப்பட்ட ஓரங்குலத் தடிப்பான கயிற்றை ஒரே வீச்சில் அறுத்தல், மரச்சட்டங்களை வெட்டித் துண்டித்தல், அதன் பின்னரும் அதே வாயினால் மயிர் மழித்தல், இறுதியாக அலகை முறியாமற் 90 பாகை வளைத்தல் என்பன அதன் படிகள். சோதனையின் முடிவிற் கத்தி பாழாகிவிடும். வேலைப்பாட்டின் அழகை நடுவர் தனியாக வேறு கத்திகளிற் காண்பர். அழகுக்கு அங்கும் இடமுண்டு. ஆயின் வெட்டாத கத்திக்கு அழகுப் பரீட்சை எழுதும் உரிமையில்லை. கத்திப் பண்பாட்டின் இன்றைய தலைமையகமெனத் தக்க நாட்டிலேயே நிலைமை இதுவாயின், படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கும் போட்டி எதற்குத் தீர்ப்பளிக்கின்றது?

இவ்வினாவை மன்னார்ப் பெருநிலப் பரப்பின் கிராமமொன்றில் வைத்துப் பார்த்தல் பயன்தரும். மன்னார்–பூநகரி வீதியில், மாந்தை மேற்குப் பிரிவின் வடபாகத்தில் அமைந்தது வெள்ளாங்குளம். வயலும் காடும் பனையும், சற்று அப்பாற் கடலும் கொண்ட நிலம். இத்தகைய நிலத்து வீடுகளிற் கத்தி என்ற பொதுச்சொல்லுக்கு அதிக வேலையில்லை. பற்றை வெட்டக் காட்டுக்கத்தி, வேலிக்குக் கதிகாலும் விறகும் தறிக்கக் கொடுவாக்கத்தி, நெல்லறுக்கத் தாக்கத்தி, ஆட்டுக்குக் குழை பறிக்கத் தடியிற் கட்டிய கொக்கைச்சத்தகம், ஓலை வாரிப் பாயும் பெட்டியும் இழைக்கச் சிறுகத்தி, மீனுக்கு வேறு, பனம்பாளைக்கு வேறு. ஒவ்வொன்றின் வளைவும் நிறையும் பிடியின் நீளமும் ஒரு குறிப்பிட்ட பொருளை ஒரு குறிப்பிட்ட கை எவ்வாறு வெட்டுகின்றது என்பதிலிருந்து பிறந்தவை. கருவியின் வடிவம் என்பது கெட்டியாகிப்போன ஓர் அசைவு எனலாம். அசைவை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் பலகையிற் கிடத்தினாற் பார்வையாளன் காண்பது விளங்காத எழுத்தில் எழுதிய வாக்கியம் போன்றது. அழகாகத்தான் இருக்கும்.

இவற்றுட் பாளைக்கத்தி ஒன்றை மட்டும் சற்று விரித்து நோக்கலாம். பனையின் உச்சியில் ஒரு கையாலும் தளைநாரிட்ட கால்களாலும் பற்றிக்கொண்டு, மற்றக் கையாற் பாளையின் நுனியை மெல்லிய தாள்போற் சீவவேண்டும். இதனைக் காலையும் மாலையும் செய்யவேண்டும். சீவிய முகம் துப்புரவாக இருந்தாற் பதனீர் வடியும். முகம் சிதைந்தால் அடைபடும். பிழையான ஒரு சீவலின் விலை ஒரு நாளைய கூலி. சிலவேளை அப்பாளை முழுவதுமே. ஆகவே சீவற்றொழிலாளி தன் கத்தியைத் தீட்டும் நேர்த்தி சேகரிப்போனின் பெட்டகத்து நேர்த்தியை விஞ்சியது. ஆயினும் அந்தக் கத்தி படமெடுக்கத் தகுதியற்றது. பிடி கறுத்துப் பிசுபிசுத்திருக்கும். அலகு தீட்டித் தீட்டித் தேய்ந்து ஆரம்ப அகலத்திற் பாதியாயிருக்கும். அத்தேய்வே அதன் வரலாறு. எத்தனை ஆயிரம் பாளை, எத்தனை பனை ஏற்றம் என்பது அதில் எழுதப்பட்டுள்ளது. போட்டியின் கண்ணில் அது பழுது.

சீவல் தொழில் எச்சாதியார்மீது சுமத்தப்பட்டது என்பதும், அத்தொழிலின் பெயரே வசையாக வழங்கியது என்பதும் ஈழத்து இலக்கியம் கற்போர் அறியாததல்ல. கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோரின் எழுத்துகள் பேசியவை இவற்றையே. கத்தியை அலங்காரப் பொருளாக்கும் நோக்கு இவ்வரலாற்றை ஒரு நொடியிற் துடைத்துவிடுகின்றது. கத்தியைக் கொண்டாடுவோர் கத்தி பிடித்தவனைத் தம் வீட்டு முற்றத்துக்கு அப்பால் நிறுத்திய காலம் அவ்வளவு தொலைவிலில்லை. கொல்லனின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. குடிமை முறையில் விளைச்சற்காலத்து நெல்லே அவனுக்குக் கூலி. அவன் தன் பெயரைக் கத்தியிற் பொறித்ததில்லை. ஊருக்கு அவனைத் தெரியும் என்பதாற் பொறிக்கவேண்டிய தேவை எழவில்லை என வாதிடலாம். ஆனால் கத்தி ஊரைவிட்டு வெளியேறிக் கண்ணாடிப் பேழைக்கோ புகைப்படத்துக்கோ செல்லும் கணத்தில், செய்தவன் அநாமதேயனாகின்றான். எடுத்தவனோ பெயர் பெறுகின்றான். பரிசுச் சான்றிதழிற் படப்பிடிப்பாளரின் பெயரே பொறிக்கப்படும்.

இப்பெயர் நீக்கம் புகைப்படக் கலையோடு உடன்பிறந்தது. இலங்கையிற் படமெடுத்த பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளருள் உலகப் புகழ் வாய்ந்தவர் யூலியா மார்கரெட் கமரன். 1863ஆம் ஆண்டின் இறுதியில், தம் 48ஆம் வயதில், மகள் பரிசளித்த கமராவுடன் இக்கலையிற் புகுந்த அப்பெண்மணி, கவிஞர் தெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், கார்லைல், டார்வின் ஆகியோரைப் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவரது கமராவுக்கு முன்னின்ற வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர்கூட இன்றுவரை நிலைத்துள்ளது. 1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இறக்கும்வரை இங்கு அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் உள்ளூர் உழைப்பாளர் நிற்கின்றனர். கமராவை நேராக நோக்குகின்றனர். களுத்துறைக் குடியானவர் என்பது போன்ற தலைப்பே அவர்களுக்கு உரியது. பெயரில்லை. அதே காலத்திற் களுத்துறையில் அவரது விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நோர்த் படமெடுக்கப்பட்டபோது அவர் மரியான் நோர்த்தாகவே பதிவானார்.

அக்கோப்பித் தோட்டங்களுக்குரிய கூலியாட்கள் தமிழகத்திலிருந்து தோணியேறி வந்திறங்கியதும் மன்னார்க் கரையிலேதான். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தோரிற் பலர் வழியில் மாண்டனர். எஞ்சியோரின் சந்ததியார் தேயிலை மலையிற் கவ்வாத்துக் கத்தி பிடித்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் அவர்களுட் பல குடும்பங்கள் வன்னியையும் மன்னார்ப் பெருநிலத்தையும் நாடிவந்து காடு வெட்டிக் குடியேறின. கவ்வாத்துக் கத்தி பிடித்த கை காட்டுக்கத்தி பிடிக்கப் பழகிற்று. இந்த இடமாற்றத்தைக் கூறவல்ல புகைப்படம் எது? இரு கத்திகளையும் அருகருகே வைத்து எடுத்த படம் மட்டும் அதனைக் கூறாது. யார் கையிலிருந்தது, எப்பொழுது, எதனால் என்ற மூன்று சொற்றொடர்கள் படத்தின் கீழே வேண்டும்.

இங்கு ஜேர்மனியச் சிந்தனையாளர் வால்டர் பென்யமினின் கருத்து துணைவரும். அல்பேட் றெங்கர்-பற்ஸ் என்னும் படப்பிடிப்பாளர் 1928இல் ஒரு நூலை வெளியிட்டார். இயந்திரம், ஆலைக் குழாய், செடி, பாம்பின் செதில் யாவற்றையும் நுண்மையாகப் படமெடுத்த அந்நூலுக்குப் 'பொருள்கள்' என்றே பெயரிட அவர் விரும்பினாராம். வெளிவந்ததோ 'உலகம் அழகானது' என்ற தலைப்புடன். அத்தலைப்பையே பென்யமின் பிடித்துக்கொண்டார். வறுமையைக்கூட நுகர்பொருளாக்கும் வல்லமை இப்புகைப்பட முறைக்கு உண்டென அவர் சாடினார். ஆலையொன்றின் புகைப்படம் அவ்வாலையைப் பற்றி ஏறத்தாழ எதுவும் கூறுவதில்லை என்ற பிறெஃக்டின் கருத்தையும் அவர் எடுத்தாண்டார். படத்துக்கு எழுத்து துணைநின்றாலன்றி அது ஊகத்தில் நின்றுவிடும் என்பது அவரது முடிபு. கத்திப் படத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். செவீல்ட் நகரின் கத்திகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பளபளத்தன. அப்பளபளப்பைச் சாணையிற் பிடித்து வருவித்தோரின் நுரையீரலிற் கற்றூளும் இரும்புத்தூளும் படிந்தன. உலர்சாணைத் தொழிலாளர் சராசரி 35 வயதளவிற் மாண்டனர் என்பதை ஏங்கல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில், அந்நகர மருத்துவரொருவரை ஆதாரங்காட்டி, பதிவுசெய்துள்ளார். பளபளப்பைப் படமெடுப்பது எளிது. அது எவருடைய மூச்சிலிருந்து வந்தது என்பதைப் படமெடுப்பது எளிதன்று.

இவ்வாதத்துக்கு எதிராக ஆனந்த குமாரசுவாமியைச் சான்றுகாட்டுவோர் உளர். கைப்பணியின் அழகை உலகறியச் செய்தவர் அவரன்றோ, அவர்தம் நூலிற் புகைப்படங்கள் இல்லையோ என்பது அவர்களின் வினா. உண்மையே. 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' 425 பிரதிகளே அச்சான பெருநூல். அதன் புகைப்படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் அவரது மனைவி எதல். (நூலின் புகழிற் படமெடுத்தவரின் பங்கு அதிகம் பேசப்படாமையும் இங்குக் கவனத்துக்குரியது, போட்டிகளில் நேர்வதற்கு இது எதிர்மாறு.) அந்நூல் அழகிய பொருள்களின் திரட்டு மட்டுமன்று. கனிப்பொருள் அளவீட்டுத் துறையின் தலைவராகத் தீவெங்கும் திரிந்த குமாரசுவாமி, இரும்பு உருக்கும் உலையையும் துருத்தியையும், கைவினைஞன் தன் சேவைக்கு மானியமாகப் பெற்ற நிலத்தையும், அவனது கூலியையும், சாதிப் படிநிலையையும் ஒருங்கே எழுதினார். கண்டி இராச்சியத்துப் 'பிஹாகெத்த' என்னும் வெள்ளிவேலைப்பாட்டுக் கத்தி இன்று உலக அரும்பொருளகங்களிற் காட்சிக்கிருக்கின்றது. அதனைச் செய்தவர்கள் அரச பட்டறைகளிற் சேவகம் புரிந்தோர் என்பதை வாசகன் அறிவது அத்தகைய எழுத்தினாலேயே. குமாரசுவாமி பழைய சமுதாய அமைப்பை வரம்புமீறிப் போற்றினார். சாதியமைப்பின் கொடுமையைக் கலையின் ஒழுங்கு எனக் கண்டு மயங்கினார். அக்குறை பெரிதே. ஆயினும் கத்தியை அதனைச் செய்த அமைப்பிலிருந்து பிரித்துக் காணவியலாது என்பதை அவர் மறந்தாரில்லை. அவரது பெயரைச் சொல்லிப் போட்டி நடத்துவோர் அவர் எழுதிய பக்கங்களை விட்டுவிட்டுப் படத்தகடுகளை மட்டும் புரட்டியவராவர்.

அருகிவரும் தொழிலைப் படமாவது காப்பாற்றும் என்பது மற்றொரு வாதம். எதனைக் காப்பாற்றும்? அலகின் அண்மைக் காட்சி ஒன்றைக் கண்டு எந்த இளைஞனும் தோய்ச்சல் போடக் கற்கமாட்டான். பழம்பெருமைக்கு மட்டும் குறைவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் 'சரந்தீப்' இரும்பு குறிக்கப்படுகின்றது. சமனலவாவியின் காற்றுலைகளைப் பற்றிய ஜிலியன் ஜூலெஃபின் ஆய்வு 1996இல் வெளிவந்தது. 2025 சனவரியிற் தமிழ்நாட்டு அரசு சிவகளை அகழ்வைச் சான்றாக வைத்துத் தமிழ் நிலத்தில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரவாண்டுவரை பின்னகர்த்தி அறிக்கை வெளியிட்டது. அறிஞருலகில் அக்காலக்கணிப்பு மேலும் ஆராயப்படும். ஐயாயிரமாண்டு இரும்பைப் பற்றிப் பெருமிதங்கொள்வோரின் அடுக்களையில் ஆலையில் வெட்டியெடுத்த தகட்டுக் கத்தி கிடக்கின்றது. வாய் மழுங்கியதும் அது வீசப்படுகின்றது. உள்ளூர்க் கொல்லனிடம் ஒரு மண்வெட்டியை அடித்துத் தரக் கேட்பதைவிட அவனது பொறியைப் படமெடுப்பது மலிவானது.

மூன்றாவது வாதமே சற்று வலுவுடையது. படம் பரவினாற் கொல்லனுக்கு வேலை வரும் என்பர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது நிகழ்ந்துள்ளமை மறுப்பதற்கில்லை. அங்குக் கத்தியிற் செய்தவனின் முத்திரை உண்டு. அவனது விலாசம் உண்டு. வாங்குவோனுக்கும் அவனுக்குமிடையே படம் ஒரு பாலமாகின்றது. முத்திரையும் விலாசமும் இல்லாதவிடத்துப் பாலத்தின் மறுகரை எங்கே? இவ்வாதத்தை மெய்யாகவே நம்புவோர் செய்யவேண்டியது ஒன்றுண்டு: போட்டியின் விண்ணப்பப் படிவத்தை மாற்றுதல்.

வெள்ளாங்குளத்தை 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் இராணுவம் கைப்பற்றியது. மேற்கு வன்னியின் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து நகர்ந்து 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால்வரை சென்றனர். ஒவ்வோரிடத்திலும் தறப்பாளுக்குக் கம்பு வெட்டவும் பதுங்குகுழிக்கு மரந்தறிக்கவும் கத்தி வேண்டியிருந்தது. மீளக்குடியேறியபோது வளவை மூடியிருந்த பற்றையை முதலில் வெட்டியதும் கத்தியே. இப்பாதை நெடுக ஒரு கத்தி பயணஞ்செய்து திரும்பியிருக்குமாயின், அது எந்த மரப்பலகையின்மீதும் கிடத்தத் தக்கதாய் இராது. துரு ஏறியிருக்கும், பிடி மாற்றப்பட்டிருக்கும், வாயிற் பள்ளம் விழுந்திருக்கும். போட்டி நடத்துவோர் அக்கத்தியை ஏற்பார்களெனின், படிவத்தில் இவை இடம்பெறல் வேண்டும்: அடித்தவரின் பெயர், அவர் விரும்பினால், இரும்பு எங்கிருந்து வந்தது, எதை வெட்டுகின்றது, எத்தனை முறை பிடி மாற்றப்பட்டது, எவருடைய கையில் இருக்கின்றது. ஒரு படம் போதாது. வெட்டும் பொழுது எடுத்த படமொன்றும், வெட்டுப்பட்ட முகத்தின் படமொன்றும் சேரவேண்டும். பாளையின் சீவிய முகமோ கதிகாலின் தறித்த நுனியோ கத்தியின் கூரை அலகைவிட உண்மையாகக் காட்டும். பரிசுப்பணத்திற் பாதி அடித்தவருக்குச் சேரவேண்டும்.

நடுவர் குழுவில் ஒளியமைப்பு அறிந்தவர் ஒருவர் இருப்பதிற் தடையில்லை. மற்ற இருவருள் ஒருவர் சீவற்றொழிலாளியாகவும், மற்றவர் ஓலை வாரும் பெண்ணாகவும் இருத்தல் வேண்டும். படத்தோடு கத்தியையும் அவர்களின் கையிற் கொடுக்கவேண்டும்.